கடலில் மிதந்த கோழிக்கறி

என் கணவருக்குப் 'பிறஷர்' இருக்கிறது என்று மன்னார் ஆஸ்பத்திரி டாக்டர் கண்டுபிடித்த அன்று, வீட்டுக்கு வந்த மனிதர் சைக்கிளை வேலியில் சாத்தியதும் கேட்ட முதற் கேள்வி, "இரவைக்கு என்ன கறி?" என்பதுதான்.

தலைமன்னார் இறங்குதுறையில், சுங்க அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், அவர் கிளாக்கர். தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்தால் பிரயாணிகளின் பெட்டிகளைத் திறக்கச் சொல்வதும், கப்பல் போன பிறகு அவற்றில் என்ன இருந்தது என்று எழுதுவதும் அவர் வேலை. இரண்டையும் கதிரையில் இருந்தபடியே செய்யலாம். கந்தோர்க் கதிரையை விட்டு எழுந்தால் நேரே சாப்பாட்டு மேசைக் கதிரை. பிறந்தது பேசாலையில். அவருடைய தாயார் மீன், இறைச்சி, கீரை எதைச் சமைத்தாலும் தேங்காயின் முதற்பாலைக் கட்டியாக ஊற்றித்தான் சட்டியை இறக்குவார். அந்தப் பாலில் வளர்ந்த உடம்பு. நான் வங்காலைக்காரி. எங்கள் ஐயா கடலுக்குப் போனாலும் வீட்டைச் சுற்றித் தோட்டமும் செய்தவர். கல்யாணமான புதிதில் நான் ஆசையோடு பூசணிக்காய்க் கறி வைத்துக் கொடுத்தபோது, என் கணவர் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கடை ஊரிலை மாட்டுக்கு வைக்கிறதை மனிசரும் சாப்பிடுறவையோ?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

உலக யுத்தம் முடிந்திருந்த காலம் அது. அரிசி இன்னமும் கூப்பனுக்குத்தான். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அதனால் என்னுடைய கவனம் முழுவதும் அவர் ஒருவர் மேலேயே விழுந்தது. அது அவருக்குப் பெரிய தொந்தரவாகத்தான் இருந்திருக்கும்.

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"மரக்கறி கொஞ்சம் கூடச் சாப்பிடட்டாம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை."

அந்த டாக்டர் சனிக்கிழமைகளில் பின்னேர ரயிலில் மன்னாரிலிருந்து வந்து, இரவு இறங்குதுறை வாடிவீட்டில் தங்கி, ஞாயிறு காலையில் கப்பல் பிரயாணிகளைப் பார்த்துவிட்டுப் போவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். முருங்கைக்காய் மாதிரி நீண்டு மெலிந்த உடம்பு. குடும்பம் ஊரில், இவர் மட்டும் மன்னாரில். அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது வழியில் அவரைக் கண்டு கேட்டேன். மனிதர் நடுத்தெருவில் நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

"தேங்காய்ப் பாலை நிப்பாட்டச் சொன்னனான் தங்கச்சி. பொரியல் கூடாது எண்டனான். இறைச்சி எண்டால் கோழி மட்டும், அதுவும் தோல் இல்லாமல், எண்ணெய் குறைச்சு. உப்புக் குறைக்கவேணும். பின்னேரத்திலை நடக்கவேணும். இதிலை எதைச் சொன்னவர் கிளாக்கர்?"

"மரக்கறியைச் சொன்னவர்."

"அதைத்தான் நான் கடைசியாச் சொன்னனான்" என்றார் டாக்டர்.

அன்று தொடக்கம் எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. முருங்கையிலை, பயற்றங்காய், வெண்டிக்காய் என்று தண்ணீரில் அவிந்தவை மேசைக்கு வந்தன. அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெட்டி தொலைந்துபோன பிரயாணியைப் போல, சோற்றுக் கோப்பையின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மெதுவாகத் தேடுவார். தேடி முடித்து, "நல்லா இருக்கு" என்பார். எங்கள் மன்னார்த் தீவில் கோழி என்றால் மணலில் ஓடித் திரிந்து காலெல்லாம் கம்பியாகிப்போன கோழி. அதை எண்ணெயில் வதக்காமல், பாலில் வேகவிடாமல் அவித்தால் என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்றை அவித்து வைத்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டபடி பேப்பர் வாசிக்கத் தொடங்கினார். பேப்பர் முடிந்தது, துண்டு முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் சுங்கத் துரைக்கு இங்கிலாந்து திரும்ப உத்தரவு வந்தது. துரைசானி பங்களாச் சாமான்களைக் கந்தோர் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஒருவருக்கு அலுமாரி, ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்குப் பூச்சாடி. என் கணவர் சைக்கிள் காரியரில் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவிழ்த்துப் பார்த்தால், கனத்த அலுமினியத்தில் ஒரு சட்டி. மூடியைத் திருகிப் பூட்டலாம். மூடியின் நடுவில் சின்ன மூக்கு, அந்த மூக்கின் மேல் பாரமாக வைக்க உருண்டையாய் ஒரு இரும்புக் கட்டை.

"பிறஷர் குக்கர்" என்றார் அவர், தன் கையால் செய்தவர்போல.

"உங்களுக்கு இருக்கிற பிறஷர் காணாதோ?"

"பகிடி விடாதையும். எந்தக் கிழட்டுக் கோழியும் இதுக்குள்ளை பஞ்சாப் போகுமாம். துரைசானி எல்லாம் விளங்கப்படுத்தினவ."

பிற்பாடு பங்களாச் சமையற்காரன் கோக்கி மூலமாக எனக்குத் தெரியவந்தது: அந்தச் சட்டியை அடுப்பில் வைக்கச் சொன்ன அன்றே கோக்கி வேலையை விட்டுப் போகிறேன் என்று நின்றிருக்கிறான். துரைசானியும் ஒரே ஒரு தடவை அதை மூட்டிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிப்போய் நின்றாராம். அலுமாரிக்கும் கண்ணாடிக்கும் ஆட்கள் போட்டி போட்டபோது, இந்தச் சட்டிக்கு மட்டும் ஒருவரும் கை நீட்டவில்லை. என் கணவர் நீட்டினார். கோழி பஞ்சாகும் என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது.

துரைசானி ஆங்கிலத்தில் விளக்கியபோது அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் "யெஸ் மேடம்" என்று தலையாட்டியிருக்கிறார். கந்தோரில் அதுதான் பழக்கம். என்னிடம் அதைத் திருப்பிச் சொல்ல வந்தபோது நிறைய இடங்களில் தடுமாறினார்.

"கட்டை ஆடிச் சத்தம் வரத் தொடங்கினால் அதிலையிருந்து பதினைஞ்சு நிமிஷம்" என்றார். சற்று யோசித்தார். "இல்லாட்டி ஐம்பது."

"எது?"

"ரெண்டும் இங்கிலீசிலை ஒரே மாதிரித்தான் காதிலை விழும். துரைசானி வேகமாக் கதைக்கிறவ."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஓடுற தண்ணியிலை சட்டியை வைக்கவேணும். அது எனக்கு வடிவா ஞாபகம். ஓடுற தண்ணி. அதுக்குப் பிறகும் ஏதோ ஒண்டு சொன்னவ. அது பெரிய விஷயமில்லை."

அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு டாக்டரை அழைப்பது என்பதும் அவருடைய யோசனைதான். "நான் இஞ்சை படுகிற பாட்டை அந்த மனிசன் வந்து கண்ணாலை பாக்கட்டும்" என்றார். தன் கீழ்ப்படிவைக் கண்டு டாக்டர் மனமிரங்கி, வாரத்தில் ஒருநாளாவது தேங்காய்ப் பாலுக்கு அனுமதி தருவார் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. அதை அவர் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் சந்தையிலிருந்து ஒரு தேங்காயும் வாங்கிவந்து, குசினி மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

கோழி பக்கத்து வளவிலிருந்து வந்தது. அங்கே வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரரை நான் நானா என்றும், அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். அண்ணன், அக்கா என்பதற்கு அவர்களுடைய சொல் அது. ராத்தாவின் ஒரு கோழி முட்டையிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, மரியாதைக்காக மட்டும் வீட்டில் இருந்தது. நானா காலையில் அதை ஓதி அறுத்துத் தந்துவிட்டுக் கடலுக்குப் போனார். ராத்தா வேலி ஓட்டைக்குள்ளால் சட்டியைப் பார்த்தாள்.

"பூட்டுப் போட்ட சட்டி ஏன் புள்ள? கோழியை ஆரும் களவெடுப்பாங்களா?"

"இது ஆவியிலை வேகிற சட்டி ராத்தா."

"என்ட கோழி சாமானியத்திலை வேகாது. அதுக்கு என்ட வயசு" என்று சிரித்தாள்.

பின்னேரம் நான் வேலையைத் தொடங்கினேன். கோழியின் தோலை முழுக்க உரித்துத் துண்டு போட்டேன். மிளகு, சீரகம், மல்லி, இஞ்சி, உள்ளி எல்லாவற்றையும் அம்மியில் பட்டுப்போல அரைத்து, மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிரட்டி ஊறவிட்டேன். சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் ரம்பையும் வாடி வந்ததும் கோழியைப் போட்டுக் கிளறினேன். மசாலை மணம் எழுந்து வந்தபோது, முன்விறாந்தையில் இருந்த மனிதர் ஏதோ வேலை இருப்பதுபோலக் குசினிப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டுப் போனார். அதன்மேல் பெரியமடுவிலிருந்து வண்டிலில் வந்த பூசணிக்காயைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டேன். கத்தரிக்காய், பயற்றங்காய், எங்கள் வளவு முருங்கைக்காய். உப்பு அரைவாசி. கொஞ்சம் தண்ணீர். மூடியைத் திருகிப் பூட்டி, கட்டையை மூக்கில் வைத்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சட்டிக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல இருந்தது. பிறகு கட்டை ஆடத் தொடங்கியது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். வீடே நடுங்குவது போன்ற சத்தம். மரக்கறித் தோல்களைத் தின்பதற்காகக் குசினி வாசலில் எப்போதும் காத்து நிற்கும் கழுதைகள் இரண்டும் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின.

"இஞ்சாருங்கோ, இது வெடிக்காதோ?" என்று நான் கத்தினேன்.

"வெடிக்காது! பயப்பிடாதையும்!" என்று தைரியமாகப் பதில் வந்தது. குரல் படலைக்கு வெளியே, தெருவிலிருந்து வந்தது.

பதினைந்தா ஐம்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கடைசியில் அவர் தெருவில் நின்றபடியே ஒரு தீர்ப்புச் சொன்னார்: டாக்டர் வரும் ரயில் கூவும்போது அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்காவது ரயில் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அன்று ரயில் பிந்திவிட்டது. எவ்வளவு பிந்தியது என்று எனக்குத் தெரியாது. சட்டி சீறிக்கொண்டே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா ஏதோ ஓதிக்கொண்டே இருந்தாள். பொழுது சாயத் தொடங்கியபோதுதான் ரயில் கூவியது. நான் பாய்ந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தேன்.

இனி ஓடும் தண்ணீர். பங்களாவில் குழாய் இருந்தது. எங்கள் வீட்டில் ஏது குழாய்? கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி ஊற்றலாம் என்றேன்.

"வாளித் தண்ணி ஓடாது. அது நிக்கிற தண்ணி" என்றார் அவர்.

"ஊத்தினால் ஓடும்தானே?"

"துரைசானி ஓடுற தண்ணி எண்டுதான் சொன்னவ. பிழை விட்டால் சட்டி வெடிச்சிடும்."

மேலிடத்திலிருந்து வந்த உத்தரவில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றமாட்டார். சுற்றிலும் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பனை வடலி. வடலிக்கு அப்பால் கடல். தீவில் ஓடுகிற தண்ணீர் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

படலைத் தடியைக் கழற்றி, சட்டியை ஈரச்சாக்கில் ஊஞ்சல்போலக் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் அவரும் பின்னால் நானுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். சட்டி இடையிடையே ஸ்ஸ் என்றது. அது ஸ்ஸ் என்னும்போதெல்லாம் முன்னால் போகிறவரின் நடை வேகமாகும். நான் ஓடவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து, கையில் குடையுடன் டாக்டர் தெரு முனையில் வந்து நின்றார். விருந்துக்கு அழைத்தவர்கள் எதையோ துணியில் சுற்றித் தடியில் கட்டிக் கடலுக்குக் கொண்டு போகிறார்கள். மனிதர் குடையைத் தாழ்த்திவிட்டார்.

"ஆர் கிளாக்கர், ஆரும் செத்துப்போட்டினமோ?"

"இல்லை டாக்குத்தர் ஐயா, இரவைச் சாப்பாடு. வாங்கோ, வாங்கோ!" என்று இவர் நிற்காமலே வரவேற்றார். டாக்டரும் எங்கள் பின்னால் நடந்தார். அதன் பின்னால் ராத்தாவும், சத்தம் கேட்டு வந்த இன்னும் சிலரும்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் வீசும். அதனால் அலையே இல்லை, குளம்போல இருந்தது. என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, சாக்கை அவிழ்த்துச் சட்டியைத் தண்ணீரில் வைத்தார். சூட்டில் கடல் ஒருமுறை உஸ் என்று பொங்கியது. ஆவி முகத்துக்கு வந்தது. அவர், "ஐயோ மாதாவே!" என்று கையை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார்.

சட்டி தாழவில்லை. உள்ளே பாதி காற்று, மூடி இறுகப் பூட்டியது, எப்படித் தாழும்? கழுத்தளவு முங்கி நிமிர்ந்து, கைபிடியை வால்போல நீட்டிக்கொண்டு, தாரா வாத்து மாதிரி மெதுவாகக் கிளம்பியது. காற்று அதற்குத் துணை.

"பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று நான் கத்தினேன்.

அவர் இரண்டு எட்டு வைத்தார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் சாரம் அவிழ்ந்தது. அதைப் பிடித்துக் கட்டி நிமிர்வதற்குள் சட்டி எட்டாத தூரம் போய்விட்டது. வருஷக்கணக்காகக் கப்பல் பார்த்த மனிதருக்கு நீந்தத் தெரியாது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கரையோடு கரையாக, சட்டிக்குச் சமாந்தரமாக, ஈரச் சாரத்தோடு ஓடினார். டாக்டர் குடையை ஊன்றி நின்று அதைப் பார்த்தார்.

"பின்னேரத்திலை நடக்கச் சொன்னனான். பரவாயில்லை, ஓடுறார்" என்றார் என்னிடம்.

அப்போது கடலிலிருந்து ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. எங்கள் நானாதான். எங்களுக்கு உயிர் வந்தது. சட்டி அவருடைய வள்ளத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டி எடுத்தால் போதும். ஆனால் நானா அதைக் கண்டதும் எழுந்து நின்றார். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வள்ளத்தை அவசரம் அவசரமாகப் பின்னுக்கு வலித்தபடி, கரையைப் பார்த்துக் கத்தினார்:

"கரையிலை நிக்காதீங்க! எல்லாரும் ஓடுங்க! குண்டு! குண்டு மிதக்குது!"

யுத்த காலத்தில் கடலில் மிதக்கும் வெடிகளைப் பற்றி மீனவர்களுக்கு அடிக்கடி எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். உருண்டையாக இரும்பில் எதையாவது கண்டால் தொடாதே, அறிவி என்பது உத்தரவு. யுத்தம் முடிந்தாலும் வெடிகள் முடியவில்லை என்று ஊரில் பேச்சு. நானா அந்த உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கரையில் நின்ற சிலர் வடலிக்குள் ஓடினார்கள்.

"குண்டில்லை நானா!" என்று என் கணவர் வாயில் இரு கையையும் குவித்துக் கத்தினார். "கோழி!"

"என்ன?"

"கோழி! கோழி!"

"கோழிக்கு ஏன் இரும்புச் சட்டை?"

"சத்தியமாக் கோழி நானா! கையை வைச்சு எடுங்கோ!"

நானா அசையவில்லை. சுங்கக்காரர் எதையாவது எடு என்றால் எடுக்காமல் இருப்பதும், எடுக்காதே என்றால் எடுப்பதும் எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்களின் பரம்பரை வழக்கம். டாக்டரும் குரல் கொடுத்தார். "அது இரவைச் சாப்பாடுதான்! நான் டாக்குத்தர் சொல்லுறன்!" அதற்கும் நானா அசையவில்லை. கடைசியில் ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனாள்.

"இஞ்ச பாருங்க! காலையில நீங்க அறுத்த எங்கட கிழட்டுக் கோழிதான் அதுக்குள்ள!"

நானா கழுத்தை நீட்டிச் சட்டியைப் பார்த்தார்.

"அந்தக் கருப்பியா?" என்றது நானாவின் குரல்.

"கருப்பிதான்!"

நானா வள்ளத்தை மெல்ல நெருக்கி, துடுப்பால் சட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெடிக்கவில்லை. இன்னொருமுறை தொட்டார். பிறகு வலைத்துண்டு ஒன்றை எறிந்து அதை அள்ளி, வள்ளத்தின் மறுகோடியில் வைத்து, தான் இந்தக் கோடியில் ஒடுங்கி இருந்துகொண்டு கரைக்கு வந்தார்.

மணலில் வைத்துத் திறக்கப் பார்த்தோம். மூடி அசையவில்லை. சட்டி நன்றாக ஆறியிருந்தது. ஆறியும் திருகு நகரவில்லை. என் கணவர் சட்டியை இரு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு திருகினார். நானா திருகினார். இருவரும் இரண்டு பக்கம் நின்று திருகினார்கள். சட்டியும் அவர்களோடு சேர்ந்து சுற்றியது. உள்ளே கோழி குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் குடையை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். மூடி, மூக்கு, கட்டை. பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"அட, இது எங்கடை ஆஸ்பத்திரியிலை கத்தி கத்தரிக்கோல் அவிக்கிற பெட்டியின்ரை தம்பியெல்லோ! ஆறினால் உள்ளுக்குக் காத்து இல்லாமல் மூடியை இழுத்துப் பிடிக்கும். கிளாக்கர், இந்தக் கட்டையைக் கழட்டச் சொல்லி ஆரும் சொல்லேல்லையோ?"

என் கணவர் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஓம்! அதுதான்! துரைசானி கடைசியாச் சொன்னது அதுதான்!"

டாக்டர் இரண்டு விரலால் கட்டையைத் தூக்கினார். சட்டி புஸ் என்று ஒரு மூச்சு உள்ளே இழுத்தது. மூடி ஒரு திருகில் வந்துவிட்டது. கரையெல்லாம் மிளகும் சீரகமும் மணத்தன. வடலிக்குள் ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள்.

உள்ளே பார்த்த எனக்கு அழுகை வந்தது. பூசணிக்காயைக் காணவில்லை. கத்தரிக்காயைக் காணவில்லை. நேரம் கூடிப்போனதில் எல்லாம் கரைந்து, மஞ்சளாக, கட்டியாக ஒரு குழம்பு. முருங்கைக்காயின் வெறும் நார் மட்டும் அங்குமிங்கும் கிடந்தது. அதற்குள் கோழி. விரலால் தொட்டால் எலும்பு தனியே, இறைச்சி தனியே கழன்று வந்தது. கடல் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கி, பின்னேரமே அவித்து வைத்திருந்த இடியப்பத்தோடு மேசையில் வைத்தேன். நானாவுக்கும் ராத்தாவுக்கும் ஒரு சட்டி நிறைய வேலிக்கு மேலால் போனது. டாக்டர் முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். என் கணவரைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் தேங்காய்ப் பால் கூடாது எண்டெல்லோ சொன்னனான்."

"பால் விடேல்லை டாக்குத்தர்."

"இவ்வளவு கட்டியா, இவ்வளவு இனிப்பா இருக்கு. முதற்பால் இல்லாமல் இது வராது. நானும் யாழ்ப்பாணத்தான், எனக்குத் தெரியாதோ?"

"அது பூசணிக்காய்."

"பூசணிக்காயோ?" டாக்டர் நம்பவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். "சரியாச் சொல்லக் கஷ்டமாக் கிடக்கு. கொஞ்சம் கூடப் போடுங்கோ பாப்பம்." போட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இன்னும் சந்தேகம்தான்." நான் குசினிக்குப் போய், காலையில் வாங்கிய தேங்காயை உடைக்காமல் முழுதாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். டாக்டர் அதைத் தட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பரிசோதனை நிற்கவில்லை.

என் கணவர் கறிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவருடைய வாய்க்குப் பிடித்த கறி, கட்டியாக, மணமாக, எதிரே இருக்கிறது. அதை டாக்டர் கரண்டி கரண்டியாக அள்ளிக்கொண்டிருக்கிறார். வந்தவரைப் போதும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கைநீட்டி ஒரு காலைத் தன் பக்கம் நகர்த்தப் பார்த்தார்.

"கிளாக்கர், உங்களுக்குக் கொஞ்சம் போதும்" என்றார் டாக்டர், அந்தக் காலைத் தன் இடியப்பத்துக்கு மேல் வைத்தபடி. "பிறஷர் உள்ளவை இரவிலை அளவாச் சாப்பிடவேணும்."

டாக்டரை வாடிவீட்டில் விட்டுவிட்டு வந்து, வெறும் சட்டியைச் சுரண்டியபடி என் கணவர் சொன்னார்: "நாங்கள் பசியிலை கிடக்கிறம் எண்டு காட்டக் கூப்பிட்ட மனிசன், தான் எவ்வளவு பசியிலை கிடந்திருக்கு எண்டு காட்டிப்போட்டுப் போகுது." அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாடிவீட்டில் அந்த மனிதருக்குக் கிடைப்பது காய்ந்த பாணும் கருவாட்டுக் குழம்பும்தான்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல், நோயாளியைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினைந்துதான் சரி என்று நாளடைவில் எனக்குப் பிடிபட்டது. ஆனால் இரண்டு பேருமே பூசணி கரைந்துபோன அந்தப் பக்குவம்தான் வேண்டும் என்பார்கள். வேண்டுமென்றே பிந்தி இறக்குவேன். சட்டியை ஆற வைக்க வாளித் தண்ணீர் போதும் என்பதையும் என் கணவர் ஒருவாறு ஒத்துக்கொண்டார். சில மாதங்களில் அவருடைய பிறஷர் இறங்கியது, சட்டை தொளதொளத்தது. மரக்கறியாலா, நடையாலா, சனிக்கிழமைக் கோழியில் பாதியை வைத்தியரே சாப்பிட்டதாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டரின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது மட்டும் நிச்சயம்.

அடுத்த வருஷம் டாக்டருக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பழக்கத்தில் முழுக் கோழியையும் சமைத்துவிட்டேன். சட்டி முழுவதும் என் கணவருக்குத்தான், தடுக்க ஆளில்லை. ஒரு காலை எடுத்துக் கோப்பையில் வைத்துக்கொண்டார். உடனே சாப்பிடவில்லை.

"அந்த மனிசனுக்கு அங்கை ஆர் சமைச்சுக் குடுக்கினமோ" என்றார்.

பிறகு இன்னொரு காலை ஒரு கோப்பையில் எடுத்து மூடி, ராத்தாவிடம் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.